அரிசிக்குப் பதில் காசா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரேஷன், முதியோர் உதவித்தொகை, மகளிர் உரிமைத்தொகை என்று துண்டு துண்டாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, எல்லோருக்கும் ஒரே தொகையை வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் என்ன? எடைக் குறைவு இல்லை, மனுவும் கையுமாக அலைய வேண்டியதில்லை. தனக்கு எது தேவை என்பது ஏழைக்குத் தெரியாதா? சீர்திருத்தம் என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

அலைய வைக்கக் கூடாது என்பதில் உங்கள் பக்கம்தான் நான். மற்றதில்தான் சண்டை.

செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் பின்தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார். 40 வருடம் வெள்ளிக் கொலுசு பற்றவைத்தவர். உதவித்தொகைக்கு மனு கொடுக்க நான்தான் அழைத்துப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் முதல் கேள்வி: "மகன் இருக்கிறானா? சோறு போடுகிறானா?" மகன் இருக்கிறான், திருப்பூரில். பணம் அனுப்பி இரண்டு வருடம் ஆகிறது. பாட்டி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். பிறகு, "போடுகிறான் சாமி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அதே பாட்டி மாதம் பிறந்தால் பையோடு ரேஷன் கடையில் நிற்கிறார். அங்கே மகனைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 1997-இல் மத்திய அரசு ஏழைகளைத் தனியே பிரித்து ரேஷன் கொடுக்கும் முறைக்குப் போனபோது, தமிழ்நாடு எல்லோருக்கும் என்பதை விடவில்லை. 2011 முதல் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. நீங்கள் விரும்புகிற, கேள்வி கேட்காமல் கொடுக்கும் கை நம் ரேஷன் கடையில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் போய் வெட்டச் சொல்கிறீர்களே!

காசின் மேல் எனக்கு அவநம்பிக்கை கிடையாது. கொடுத்தால் குடித்துவிடுவார்கள் என்பது வயிறு நிறைந்தவர்களின் பேச்சு. 2011-இல் மத்தியப் பிரதேசத்தில் 8 கிராமங்களில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு எல்லோருக்கும் காசு கொடுத்துப் பார்த்தது. பெரியவர்களுக்கு மாதம் 200 ரூபாய், பிறகு 300. சாப்பாடு மேம்பட்டது, கடன் குறைந்தது. ஆனால் யாருடைய ரேஷனும் அங்கே நிற்கவில்லை. மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை பேசியதோ பழைய திட்டங்களுக்குப் பதிலான தொகை: ஆளுக்கு ஆண்டுக்கு 7,620 ரூபாய். மாதத்துக்கு 635. அதுவும் நூற்றுக்கு 75 பேருக்கு. மீதி 25 பேரைப் பொறுக்கி எடுக்க மறுபடியும் ஒரு மேஜை, ஒரு கேள்வி. அரிசி விலை ஏறினாலும் பாட்டிக்கு உரிய அரிசியின் அளவு குறையாது; 635 ரூபாய்க்கு அந்த உத்தரவாதம் இல்லை.

ஆளுக்கு மாதம் ஆயிரம் என்றாலே, 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் 7.21 கோடிப் பேருக்கு ஆண்டுக்கு 86,000 கோடிக்கு மேல் போகும். ரேஷனில் கைவைக்காமல் இதை யார் திரட்டுவார்கள்?

எடைக் குறைவு உண்மைதான். பாட்டிக்கு அதைவிடப் பெரிய தொல்லை விரல் ரேகை. நெருப்பில் தேய்ந்த விரலை நான்கு முறை துடைத்துத் துடைத்து வைக்கிறார். வங்கி முகவரின் இயந்திரமும் அதே விரலைத்தான் கேட்கும்.

என் கட்சி இதுதான்: 60 வயது ஆனால் உதவித்தொகை. பிறந்த வருடம் போதும். மகன் திருப்பூரில் இருந்தால் என்ன, துபாயில் இருந்தால் என்ன? நீங்கள் அலுத்துப்போன சீர்திருத்தம்தான். ஒரு மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. பாட்டியிடம் மட்டும் நீட்ட வேண்டாம். அவருக்குக் கைநாட்டுதான், அதுவும் விழாது.