15,349 கி.மீ. பறக்க 18 மணி 40 நிமிடம் ஏன்?

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேரடி விமானத்தில் போகிறேன். தூரம் 15,349 கி.மீ. என்கிறது இணையம். மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் 17 மணி நேரம்தானே? டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம் போட்டிருக்கிறது. பகல் 12 மணிக்குக் கிளம்பி அன்று மாலையே இறங்குவதும் புரியவில்லை.

பதில்: பயணத்தைத் திட்டமிட டிக்கெட்டில் உள்ளதையே நம்புங்கள். 15,349 கி.மீ. என்பது சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே பூமிப் பரப்பில் உள்ள மிகக் குறுகிய தூரம். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். சீனா, சைபீரியா வழியாக ஏறி, வட துருவத்துக்கு 300 கி.மீ.க்குள் ஒட்டிப் போய், கனடா வழியாக இறங்கும்.

விமானம் பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. வான்வெளிக் கட்டுப்பாடுகள் ஒரு காரணம் என்றால், அதைவிடப் பெரிய காரணம் காற்று. 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று குளிர்காலத்தில் மணிக்கு 300 கி.மீ.யைக்கூடத் தாண்டும். அதை முதுகில் வாங்கிக்கொள்ள வட பசிபிக் வழியாகச் சுற்றிப் போவார்கள். 2018இல் நியூயார்க்கை அடுத்துள்ள நியூவார்க் விமான நிலையத்துக்குச் சேவையைத் தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொன்ன பறக்கும் தூரமே சுமார் 16,700 கி.மீ. திரும்பும்போது சில நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வருவதும் உண்டு. அதாவது போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு! கிட்டத்தட்ட நேர் எதிர்த் தீர்க்கரேகையில் இருக்கும் ஊர்களுக்குத்தான் இந்த வசதி.

நீங்களே கணக்குப் போட ஒரு வழி: குறுகிய தூரத்தோடு 7 சதவீதம் கூட்டுங்கள், 900ஆல் வகுங்கள், அரை மணி சேருங்கள். 16,423 கி.மீ.க்கு 18 மணி 15 நிமிடம், அரை மணியோடு 18.45. டிக்கெட்டுக்கு மிக அருகில் வந்துவிட்டது. அந்த அரை மணி எதற்கு என்றால், டிக்கெட் நேரம் விமானம் பயணிகள் ஏறும் வாயிலை விட்டு நகர்வதிலிருந்து இறங்கும் வாயிலில் நிற்பது வரைக்குமானது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் அதில் அடக்கம். விமானத்தைப் பின்தொடரும் செயலிகள் பறந்த நேரத்தை மட்டும் காட்டுவதால் குறைவாகத் தெரியும்.

தூரத்தைப் பார்க்கும்போது அலகையும் கவனியுங்கள். இதே தூரம் 9,537 மைல் என்றும் 8,288 கடல் மைல் என்றும் வரும். கடல் மைலைச் சாதாரண மைல் என்று எடுத்துக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் குறைந்துவிடும்.

இனி கடிகாரம். பகல் 12 மணியோடு 18.40 சேர்த்தால் சிங்கப்பூரில் மறுநாள் காலை 6.40. நியூயார்க் குளிர்காலத்தில் 13 மணி நேரம் பின்தங்கியிருப்பதால் அங்கே அன்று மாலை 5.40தான். மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை வித்தியாசம் 12 மணி, அப்போது 6.40. திரும்பும் பயணத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். குளிர்காலத்தில் வெள்ளி இரவு 10 மணிக்கு ஏறி 18 மணி 50 நிமிடம் பறந்தால், சிங்கப்பூரில் இறங்குவது ஞாயிறு காலை 5.50க்கு. சனிக்கிழமைக்கு ஹோட்டல் போட்டால் பணம் வீண்.

நியூயார்க்கில் உள்நாட்டு விமானம் மாற வேண்டுமென்றால் குறைந்தது 3 மணி நேர இடைவெளி வையுங்கள். குடிநுழைவுச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும்.