போரிஸ் ரஷ்யனா?

கேள்வி: 'ராக்கி அண்ட் புல்விங்கிள்' என்ற பழைய அமெரிக்க கார்ட்டூன் தொடரைப் பிள்ளைகளோடு பார்க்கிறேன். பறக்கும் அணில் ராக்கியும் மூஸ் மான் புல்விங்கிளும் நல்லவர்கள், ரஷ்யர் மாதிரி பேசுகிறவர்கள் கெட்டவர்கள். இது அப்பட்டமான பனிப்போர் பிரசாரம்தானே?

பதில்: காலம் அப்படிப்பட்டதுதான். 1959 செப்டம்பரில் சோவியத் தலைவர் குருஷேவ் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகிறார். நவம்பரில் ஏபிசி தொலைக்காட்சியில் இந்தத் தொடர் ஆரம்பிக்கிறது. ஒற்றர்கள் போரிஸ், நடாஷா இருவர் பேச்சிலும் ரஷ்ய வாடை. ஆனால் அவர்களை ஏவுகிற தலைவரைக் கவனித்தீர்களா? ஒற்றைக் கண் கண்ணாடி, முகத்தில் தழும்பு, விறைத்த ராணுவ உடை. அசல் ஜெர்மன் தளபதி வேஷம்! பழைய பகைவனையும் புதுப் பகைவனையும் பாட்சில்வேனியா என்ற ஒரே கற்பனை நாட்டில் குடிவைத்துவிட்டார்கள். பிரசாரம் செய்கிறவன் எதிரியை இப்படிக் குழப்பிக்கொள்ள மாட்டான்.

என்னைக் கேட்டால், அடி பலமாக விழுந்தது சொந்த வீட்டில்தான். முதல் கதையில் புல்விங்கிள் கேக் செய்யப் போக, அடுப்பு வெடித்து நிலாவுக்கே போய்விடுகிறது. அந்தக் கேக் மாவை ராக்கெட் எரிபொருளாக்க அரசாங்கம் பின்னாலேயே அலைகிறது. விண்வெளிப் போட்டியின் மானம் 40 பகுதிகளுக்குக் கப்பலேறியது. இன்னொரு கதையில், அறிவாளிகளை முட்டாளாக்கும் வாயு. புல்விங்கிளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மழுங்குவதற்கு மூளை இருந்தால்தானே!

எனக்குப் பிடித்தது சீரியல் (பாலில் போட்டுச் சாப்பிடும் காலை உணவு) அட்டைக் கதை. அந்தக் காலத்தில் காலை உணவு டப்பாவின் மேல் அட்டையை வெட்டி அனுப்பினால் பரிசுப் பொருள் கிடைக்கும். கதையில் உலகப் பொருளாதாரமே அந்த அட்டைகளை நம்பித்தான் நிற்கிறது; போரிஸ் கள்ள அட்டை அடித்து விடுகிறான். நிகழ்ச்சியின் விளம்பரதாரர் யார் தெரியுமா? சீரியல் விற்கிற ஜெனரல் மில்ஸ். படியளக்கிறவரையே கிண்டல் செய்யும் துணிச்சல்! அந்தக் கதை 12 பகுதிகளிலேயே முடிந்துவிட்டது.

கேள்வி: பெண்களுக்கு அதில் என்ன இடம்?

பதில்: முக்கியப் பாத்திரங்களில் நடாஷா ஒருத்திதான். அவளும் வில்லனுக்குத் துணை. இங்கே தொடர் தோற்றது, சந்தேகமே இல்லை. இத்தனைக்கும் ராக்கிக்கும் நடாஷாவுக்கும் குரல் கொடுத்தவர் ஒரே பெண்மணி, ஜூன் ஃபோரே.

கேள்வி: தயாரிப்பாளர் வெள்ளை மாளிகை வாசலுக்கே போனாராமே?

பதில்: போனார். ஜே வார்ட், மினசோட்டா – கனடா எல்லையில் உள்ள ஏரி ஒன்றில் சின்னத் தீவைப் பிடித்து, 'மூசில்வேனியா' என்று பெயர் வைத்து, மாநில அந்தஸ்து கேட்டு ஊர் ஊராக வேனில் கையெழுத்து வாங்கினார். எல்லாம் விளம்பரத்துக்காக. மனுவோடு வாஷிங்டன் போனது 1962 அக்டோபரில். காவலர்கள் விரட்டிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. உள்ளே கென்னடி கியூபா ஏவுகணை விவகாரத்தில் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரம் அது.