எலி கொடுத்ததா, ஆள் கொடுத்ததா?

வயலில் வரும் எலிக்காய்ச்சலும் வைரஸ்தானே? (தம்பலகாமம்)

இல்லை. அது லெப்டோஸ்பைரா என்ற பற்றீரியாவால் வருவது. அதனால்தான் சேற்றில் இறங்கும் முன் சுகாதார வைத்திய அதிகாரி கந்தோரில் டொக்சிசைக்ளின் குளிசை கொடுக்கிறார்கள். ஆனால் எலி பரப்பும் ஹண்டா வைரஸும் காய்ச்சல், உடல்வலி, சிறுநீரகப் பாதிப்பு என்று ஏறக்குறைய அதே முகத்தோடு வரும். எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்ட சில நோயாளிகளின் இரத்தத்தில் ஹண்டாவுக்கு எதிரான பிறபொருளெதிரி (கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கும் புரதம்) இருந்தது இலங்கையிலேயே கண்டறியப்பட்டிருக்கிறது.

வைரஸ் எலியிடமிருந்து வந்ததா, இன்னொரு ஆளிடமிருந்து வந்ததா என்பதை மரபணுவைப் படித்து எப்படிச் சொல்கிறார்கள்? (உயர்தர மாணவி, திருகோணமலை நகர்)

நல்ல கேள்வி, தங்கச்சி. ரியூசன் கொப்பியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பார்த்து எழுதும்போது இரண்டு பிழை விடுகிறார். அவருடையதைப் பார்த்து எழுதுபவர் அந்தப் பிழைகளையும் எழுதி, சொந்தமாக ஒன்றும் சேர்ப்பார். பிழைகளை ஒப்பிட்டால் யாருடைய கொப்பி யாரிடம் போனது என்று பிடித்துவிடலாம். ஆர்.என்.ஏ.வை மரபணுவாகக் கொண்ட ஹண்டா போன்ற வைரஸ்களும் பெருகும்போது இப்படித்தான் பிழை விடும்.

2018இல் நைஜீரியாவில், எலி பரப்பும் இன்னொரு வைரஸ் நோயான லஸ்ஸா காய்ச்சல் வழக்கத்துக்கு மாறாகப் பெருகியது. வைரஸ் ஆளுக்கு ஆள் தொற்றப் பழகிவிட்டதோ என்று பயந்தார்கள். மரபணு எழுத்து வரிசைகளைப் படித்தபோது நோயாளிகளின் வைரஸ்கள் ஒன்றுக்கொன்று தூரத்து உறவாகவே இருந்தன. பெரும்பாலானோருக்கு அது தனித்தனியே மாஸ்டோமிஸ் எலிகளிடமிருந்து வந்திருந்தது.

அதே ஆண்டின் கடைசியில் ஆர்ஜென்டீனாவின் எபுயென் ஊரில் கதை தலைகீழ். காய்ச்சலோடு ஒருவர் பிறந்தநாள் விருந்துக்குப் போனார். அங்கிருந்து ஹண்டாவின் ஒரு வகையான அண்டீஸ் வைரஸ் ஆளுக்கு ஆள் பரவி, அவரோடு சேர்த்து 34 பேருக்கு நோய் வந்தது, 11 பேர் இறந்தார்கள். நோயாளிகளின் வைரஸ்கள் அனேகமாக அச்சு அசல் ஒன்றே.

சரி, வரிசை ஒன்றாக இருந்தால் ஆளிடமிருந்துதான் என்று முடித்துவிடலாமா? கூடாது. ஒரே நெல் ஸ்டோரில் வேலை செய்த இருவர் ஒரே எலிக்கூட்டத்திடம் வாங்கியிருந்தாலும் வரிசை ஒன்றாகத்தான் இருக்கும். யார், எந்த நாளில், யாரோடு இருந்தார் என்று வீடு வீடாகக் கேட்க வேண்டும். அந்த இடத்து எலியையும் பிடித்துப் பார்க்க வேண்டும். மரபணு படிக்கும் இயந்திரத்துக்குக் கிடைக்கும் பாராட்டில் பாதியாவது கொப்பியும் பேனையுமாக வெயிலில் அலைபவருக்குப் போக வேண்டும் என்பது என் பழைய முறைப்பாடு.

துறைமுக எலிகளால் ஆபத்தா?

கப்பலேறி உலகம் சுற்றியது பழுப்பு எலி. அதோடு சியோல் என்ற ஹண்டா வைரஸும் சுற்றியது. கண்டம் கடந்தும் அதன் மரபணு நெருக்கமாக இருப்பதற்கு இதுதான் காரணம். துறைமுகத்தில் வேலை என்பதற்காகப் பதற வேண்டாம். சாப்பாட்டை மூடி வையுங்கள்.

மூஞ்சூறும் எலிதானே?

உருவத்தில்தான். 1964இல் வேலூர் பக்கம் பிடிபட்ட ஒரு மூஞ்சூறில் தொட்டப்பாளையம் வைரஸ் கிடைத்தது. அது ஹண்டா குடும்பம் என்பது பின்னர்தான் தெரிந்தது. அந்தக் குடும்பத்தில் ஒரு தமிழ் ஊர்ப்பெயர் இருப்பது எனக்கு ஒரு சின்னச் சந்தோசம்!

பூட்டிக் கிடந்த அறை முழுக்க எலிப்புழுக்கை. கூட்டலாமா? (மூதூர்)

தும்புத்தடியை எடுக்காதீர்கள், எழும்பும் தூசிதான் ஆபத்து. கதவு, யன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் விலகி நில்லுங்கள். கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். அடுத்த எட்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், அறை துப்பரவாக்கியதை வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார்.