உள் விஎம்-இல் மட்டும் டென்சர்ஃப்ளோ விழுந்தால்

திருமங்கலத்தில் உங்கள் ஆய்வகத்தில், வெளி விஎம்-இல் (கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய மெய்நிகர் கணினியில்) ஓடுகிற டென்சர்ஃப்ளோ என்ற இயந்திரக் கற்றல் மென்பொருள் அதற்குள் இருக்கும் விஎம்-இல் 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று விழுகிறது என்கிறீர்கள். ரேம் பழுது என்று நினைத்து அதைக் கழற்றாதீர்கள். மாட்டுத்தாவணி பக்கம் வேலை பார்த்தபோது நான் அப்படித்தான் இரண்டு நாள் வீணாக்கினேன்.

டென்சர்ஃப்ளோவின் ஆயத்தத் தொகுப்புகளுக்கு 1.6 பதிப்பிலிருந்தே ஏவிஎக்ஸ் வேண்டும், அதாவது பல எண்களை ஒரே கட்டளையில் கணக்கிடும் சிபியு வசதி. சிபியு மாதிரியைச் சொல்லாமல், விஎம்-ஐ ஓட்டும் மென்பொருளான கியூஇஎம்யு-வை இயக்கினால் கியூஇஎம்யு64 என்ற பழைய மாதிரிதான் வரும், அதில் ஏவிஎக்ஸ் கிடையாது. அடித்தளக் கணினி, வெளி விஎம், உள் விஎம் என மூன்று அடுக்கிலும், சிபியு வசதிகளைக் காட்டும் எல்எஸ்சிபியு கட்டளையை ஓட்டி எங்கே அது காணாமல் போகிறது என்று பாருங்கள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? வெளி விஎம்-க்கும் உள் விஎம்-க்கும் ஹோஸ்ட்-பாஸ்த்ரூ கொடுங்கள், அடியில் இருக்கும் சிபியு அப்படியே மேலே தெரியும். உள்ளிருந்து ரீபூட் செய்தால் போதாது, முழுதாக அணைத்துவிட்டு ஏற்றுங்கள்.

அடுத்து, வேகம் குறையுமா என்று கேட்டீர்கள். இன்டெல் சிப்பில் ஒரு விஎம்-இலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது வெக்டர் ரெஜிஸ்டர்களையும் (ஏவிஎக்ஸ் கணக்கிடும் எண்கள் இருக்கும் இடம்) எக்ஸ்சிஆர்0-வையும் (அவற்றில் எவை இயங்கலாம் என்று குறிக்கும் ரெஜிஸ்டர்) வன்பொருள் தானாகச் சேமிப்பதில்லை, அது விஎம்-களை நிர்வகிக்கும் ஹைப்பர்வைசரின் வேலை. உள் விஎம் எக்ஸ்சிஆர்0-வை மாற்றினால் அடித்தளக் கணினியின் ஹைப்பர்வைசரான கேவிஎம்-இல் சிக்கி, வெளி விஎம்-க்குப் போய், அங்கிருந்து மறுபடி கீழே வரும். சுற்றுவழிதான், ஆனால் பெரும்பாலும் பூட் ஆகும்போது மட்டும். கணக்கு ஓடும்போது தெரியாது.

ஓடுகிற விஎம்-ஐ வேறு கணினிக்கு மாற்றும்போதுதான் கவனம் வேண்டும். ஏவிஎக்ஸ் வரை ரெஜிஸ்டர் நிலையின் சேமிப்புப் பகுதி 832 பைட், அதன் பெரிய வடிவமான ஏவிஎக்ஸ்-512 சேர்ந்தால் 2,688. ஏவிஎக்ஸ்-512 இல்லாத சிப்பில் அந்த நிலையை ஏற்ற முடியாது. அப்படி மாற்றுவதாக இருந்தால் பாஸ்த்ரூ வேண்டாம், எல்லாக் கணினிக்கும் பொதுவான மாதிரி ஒன்றை வையுங்கள்.