ஸ்டென்ட் வைத்த பிறகும் வயதானவர்கள் ஏன் திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கிறது?

இதய ரத்தக்குழாய் அடைப்பை ஸ்டென்ட் (குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழல்) வைத்துச் சரிசெய்து வீடு திரும்பியவர் மறுபடி அட்மிட் ஆவதை 'ரீஅட்மிஷன்' என்பார்கள்; பெரும்பாலும் முதல் 30 நாட்களைக் கணக்கில் எடுப்பார்கள். குழாயை மறுபடி விரிப்பது மறு சிகிச்சை. அது வேறு.

ஸ்டென்ட் ஓரிடத்து அடைப்பைத்தான் திறக்கிறது. கொழுப்பு படியும் நோய் மற்ற இடங்களிலும் இருக்கிறது. காரைக்குடிப் பக்கம் ஊருணிக்கு மழைநீர் வரும் வரத்துக்காலை நினைத்துக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் மண்ணை அள்ளினால் தண்ணீர் ஓடும். அடுத்த மழைக்கு இன்னோரிடம் தூர்ந்துபோகலாம். அள்ளிய இடத்திலேயே மறுபடி மண் சேரவும் செய்யலாம். மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தபின் இந்த இரண்டாவது சங்கதி, அதாவது ஸ்டென்ட் வைத்த இடமே மறுபடி அடைபடுவது, வெகுவாகக் குறைந்தது, ஆனால் ஒழியவில்லை.

அப்புறம் வயது. 75ஐத் தாண்டிய பலருக்குச் சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு எல்லாம் கூடவே வரும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மாத்திரைகளால் சிலருக்கு வயிற்றில் ரத்தக்கசிவு வரும். (அதற்குப் பயந்து நம் ஆச்சிமார் யாரையும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அது இன்னும் ஆபத்து. ஸ்டென்டுக்குள் திடீரென ரத்தம் உறையக்கூடும்.)

திரும்ப அட்மிட் ஆனாலே "ஸ்டென்ட் கெட்டுப்போச்சு" என்று பேசுவது தவறு. பல சமயம் காரணம் இதயமே இல்லை, நிமோனியாவாகவோ ரத்தக்கசிவாகவோ இருக்கும்.