கடற்குன்றின் விளிம்பில் விடுதி கட்டலாமா, அடியில் கற்சுவர் எழுப்பினால் போதுமா?

கேரளக் கடற்கரையிலுள்ள வர்க்கலைக் குன்றின் மேல் பத்து சென்ட் வாங்கி விடுதி கட்டப்போவதாகவும், அடியில் கருங்கல் சுவர் எழுப்பிவிட்டால் கடலரிப்பு நின்றுவிடும் அல்லவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தரகர் உங்களுக்கு விளிம்பை ஒட்டிய மனையைத்தான் காட்டியிருப்பார். நான் புவியியல் படித்தவன் அல்லன். கேரள எல்லையை ஒட்டிய குமரி மாவட்டத்துக் களியக்காவிளையிலிருந்து போய் அங்கே கட்டட வேலை எடுத்துப் பிழைத்தவன். எனவே அந்த ஊரார் பிழைப்பைக் கெடுக்க எழுதுகிறேன் என்று எவரும் சண்டைக்கு வர வேண்டாம்.

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கும் அந்தக் குன்றைக் கடல் மட்டும் இடிப்பதில்லை. மேலே துளைகள் நிறைந்த செந்நிற வெட்டுக்கல்லும், கீழே இளகிய மணற்கல்லும் களிமண் படிவங்களும் அடுக்கடுக்காக இருக்கின்றன. மழைநீர் வெட்டுக்கல்லின் துளைகள் வழியே இறங்கி, களிமண்ணைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் நகர்ந்து, குன்றின் முகத்தில் ஊற்றாகக் கசிகிறது. ஆடி அமாவாசைக்கு முன்னோர்க்குப் பலிதர்ப்பணம் செய்யக் குன்றின் அடியிலுள்ள பாபநாசம் கடற்கரைக்குப் போனவர்கள் அந்த ஊற்றுகளைப் பார்த்திருப்பார்கள். கசியும் நீர் மணலையும் சேர்த்து இழுத்து வருவதால், மேலே நிற்கும் வெட்டுக்கல் தாங்கலிழந்து பாளம் பாளமாகச் சரிகிறது. இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அலை அடியைக் குடைவதும் உண்மைதான். ஆனால் சுவர் அலையைத் தடுக்குமே தவிர, உள்ளிருந்து வரும் நீரைத் தடுக்காது.

என்னிடம் வந்த ஒரு விடுதிக்காரர், வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்பதற்காகக் கழிவறை உறிஞ்சுகுழியைக் கடல் பக்கம் தோண்டச் சொன்னார். நீர் இறங்காத காரைத்தொட்டியைச் சாலைப் பக்கம் கட்டி, நிரம்பும்போது லாரியில் எடுத்துவிடலாம் என்றேன். செலவு கூடும் என்று வேறு ஆளை வைத்துத் தோண்டிக்கொண்டார். அடுத்த மழையில் வேலியும் புல்தரையும் சரிந்து, குழியின் குழாய் அந்தரத்தில் தொங்கியது. கீழே மணற்பரப்பு அப்படியே கிடந்தது; அலை அடிவாரத்தைத் தொடவே இல்லை. அப்போதும் அவர் கடலைத்தான் திட்டினார். “உங்க ஊர்க் கல்லைக் கொண்டுவந்து அடியில் தட்டினால் போதாதா, அண்ணாச்சி?” என்றார்.

எனக்குப் பொறுக்காதது அந்தப் பேச்சுதான். எங்கள் மாவட்டத்து மலைகளை உடைத்து எல்லை தாண்டி ஏற்றிப் போகும் லாரிகளுக்கு வழிவிட்டே எங்கள் சாலைகள் குழியாகிவிட்டன. அப்படிக் கொட்டும் கல்லும், கடலுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவரான தூண்டில் வளைவும் ஓரிடத்தில் மணலைச் சேர்த்தால், பக்கத்து ஊர் மணலை இழக்கிறது. தம் வீட்டைக் காக்கப் போட்ட கல் அடுத்த கடற்கரை ஊரின் வீட்டை விழுங்குவதைக் கரையோர மக்கள் நன்றாக அறிவார்கள்.

உள்ளாட்சி அனுமதி இருக்கிறதே என்பீர்கள். கொச்சியை ஒட்டிய மரடு அடுக்குமாடிகளுக்கும் அனுமதி இருந்தது. கடலோர ஒழுங்குமுறை விதிகளை மீறியதால் 2020 ஜனவரியில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். மேலும், அந்த விதிகள் தூரத்தை, கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லையான உயர் அலைக் கோட்டிலிருந்து அளக்கின்றன. உங்கள் மனைக்கு ஆபத்து குன்றின் விளிம்பிலிருந்து வருகிறது. விதிப்படி சரியான இடம் கூட விரிசலுக்குப் பக்கத்தில் இருக்கலாம்.

வாங்கியே தீருவதென்றால் விளிம்பை விட்டு வெகுவாக உள்ளே தள்ளிக் கட்டுங்கள். நீச்சல்குளமும் உறிஞ்சுகுழியும் வேண்டாம். கூரைநீரையும் குளியல்நீரையும் குழாயில் சாலைப் பக்கம் திருப்புங்கள். முன்பணம் கொடுக்குமுன், கனமழை ஓய்ந்த மறுநாள் கடற்கரையில் குன்றை விட்டு விலகி நின்று, அந்த மனைக்கு நேர் கீழே நீர் எங்கெங்கே கசிகிறது என்று தரகர் இல்லாமல் பார்த்துவிட்டு வாருங்கள்.