“அண்ணாச்சி, வண்டிக்கு நல்ல சவுண்ட் வேணும்”

காலேஜ் திறந்து ஒரு மாதம் ஆனால் போதும், பாளையங்கோட்டையில் என் பைக் பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சைலன்சரைப் பற்றித்தான் பேசுவார்கள். இந்தத் தடவை எழுதிக் கேட்டவர்களும் அப்படியே. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர்களைப் போடவில்லை, ஊர் மட்டும்.

பேட்டை: என்னிடம் 2022 மாடல் கிளாசிக் 350 இருக்கிறது. தாத்தாவின் பழைய புல்லட் மாதிரி ‘டப்... டப்...’ என்று வர எந்த சைலன்சர் போட வேண்டும்?

எதைப் போட்டாலும் வராது தம்பி. அந்தச் சத்தம் சைலன்சரில் பிறந்ததில்லை, எஞ்சினில் பிறந்தது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் வெடிக்கும். தாத்தாவின் வார்ப்பிரும்பு எஞ்சினில் பிளைவீல் நல்ல கனம். தீப்பொறி நேரத்தை வைக்கிற பாயிண்ட், பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற கார்புரேட்டரின் திருகு எல்லாம் கையால் வைப்பது. கைதேர்ந்த ஆள் ஐடிலை, அதாவது வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றுகிற வேகத்தை, நிமிடத்துக்கு 600 சுற்று வரைக்கும் இறக்கி வைத்துவிடுவார். 600 சுற்று என்றால் நிமிடத்துக்கு 300 வெடி, நொடிக்கு 5. காது அதை ஒவ்வொன்றாக எண்ணிவிடும். 1,000 சுற்றைத் தாண்டினால் நொடிக்கு எட்டுக்கு மேல் போய்விடுகிறது. அப்போது ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடுகிற சத்தமாகத்தான் கேட்கும். உங்கள் வண்டியில் ஐடிலை முடிவு செய்வது கம்ப்யூட்டர். அதிர்வைக் குறைக்க உள்ளே பேலன்சர் ஷாஃப்ட் ஓடுகிறது. எஞ்சின் அளவும் வேறு: பழைய எஞ்சினில் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ.; உங்களுடையதில் 72, 85.8. அதற்கு மேல், பி.எஸ்.6 என்கிற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிக்குப் புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கி உண்டு. தேன்கூடு மாதிரி ஆயிரம் துளைகள், புகை அதற்குள் நுழைந்து வரும்போது வெடியின் கூர்மை மழுங்கிவிடுகிறது.

இன்னொன்று, தாத்தா வண்டியிலும் ஐடிலை அவ்வளவு இறக்கி வைப்பது எஞ்சினுக்கு நல்லதில்லை. ஆயில் பம்ப்பும் மெதுவாகத்தானே சுற்றும்? கேட்க சுகமாக இருக்கும், மேலே வால்வைத் தள்ளுகிற ராக்கர் ஆயில் இல்லாமல் காய்ந்துகொண்டிருக்கும்.

கடைகளில் பஞ்சாப் சைலன்சர், இந்தூர் சைலன்சர், கோல்ட் ஸ்டார் என்று தொங்கவிட்டிருப்பார்கள். பெரும்பாலும் நேராக ஒரு துளைக்குழாய், அதைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு. அவற்றைப் போட்டால் சத்தம் கூடும், அவ்வளவுதான். நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்து இசைத்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கல்லில் செதுக்கியதுதான், ஆனால் ஒவ்வொரு சின்னத் தூணுக்கும் ஒரு சுரம். அதைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் சுரம் மாறிவிடுமா என்ன?

புது சைலன்சர் போட்ட கையோடு நெல்லை ஈரடுக்குப் பாலத்தின் கீழ்த்தட்டுக்குப் போய் முறுக்கிப் பார்க்கிறவர்கள் நிறையப் பேர். அங்கே மேலும் கீழும் கான்கிரீட், தையல் மிஷின் ஓடினாலும் கம்பீரமாகத்தான் கேட்கும். வெட்டவெளியில் நிறுத்தி, வேறொருவரை ஓட்டச் சொல்லி, ஐம்பதடி தள்ளி நின்று கேளுங்கள். நீங்கள் ஓட்டும்போது கேட்பதும் தெருவில் நிற்பவர் கேட்பதும் வேறு வேறு.

கம்பெனி சைலன்சரையே வைத்துக்கொண்டு செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. செயின் தளர்ச்சி, டேப்பெட் (வால்வு இடைவெளி) இரண்டையும் சரியான அளவில் வைத்து, சைலன்சர் மேல் தகட்டின் போல்ட், மட்கார்டு ஸ்குரூ, கிராஷ் கார்டு பிடிப்பு, எல்லாவற்றையும் ஒரு தடவை பார்த்து முறுக்குங்கள். கடகட, கிணுகிணு எல்லாம் போனபிறகு மிச்சம் இருப்பதுதான் எஞ்சினின் குரல். இதைச் செய்துவிட்டு, “அண்ணாச்சி, சைலன்சர் மாத்திட்டீங்களா?” என்று கேட்டவர்கள் உண்டு.

கல்லிடைக்குறிச்சி: அப்பாவின் யமஹா ஆர்.எக்ஸ்.100 என்னிடம் வந்திருக்கிறது. சைலன்சரை நடுவில் வெட்டி உள்தகட்டை எடுத்துவிட்டால் சவுண்டும் வரும், பிக்கப்பும் கூடும் என்கிறார் வெல்டிங் கடைக்காரர். செய்யலாமா?

ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன், வெட்டிவிடாதீர்கள்.

டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு சைலன்சர் வெறும் புகைக்குழாய் இல்லை. எஞ்சினில் பாதி அதுதான் என்று சொன்னாலும் தப்பில்லை. அந்த எஞ்சினில் புகை வாசலைத் திறந்து மூட வால்வு கிடையாது. புகை போகும் வாசல் திறந்திருக்கும்போதே புதுப் பெட்ரோல் கலவையும் உள்ளே வருகிறது. அதில் கொஞ்சம் எரியாமலே வெளியே ஓடிவிடும். சைலன்சருக்குள் முதலில் விரிந்து, பிறகு சுருங்குகிற கூம்பு வடிவம் இருக்கிறதே, அது இதற்காகத்தான். வெடியின் அழுத்த அலை சுருங்குகிற பக்கம் மோதித் திரும்பி வந்து, தப்பி ஓடிய கலவையை மறுபடியும் சிலிண்டருக்குள் தள்ளிவிடும். சரியான வேகத்தில் சரியான நேரத்துக்கு அந்த அலை வர வேண்டும் என்பதற்காகக் குழாயின் நீளத்தைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். 98 சிசி எஞ்சின் 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன் கொடுத்த ரகசியத்தில் இந்தக் குழாய்க்கும் பங்கு உண்டு. வெட்டினால் அலை போச்சு. சத்தம் பெரிதாகும், மேட்டில் இரண்டாவது கியரில் முனகும்.

அந்த வண்டி 1985 முதல் 1996 வரைதான் இங்கே தயாரானது. ஒரிஜினல் சைலன்சர் இன்று கிடைப்பது குதிரைக்கொம்பு. நான் இளவயதில் ஒரு வாடிக்கையாளருக்கு இந்த வெட்டு வேலையைச் செய்து கொடுத்தேன். அவர் ஆறு மாதம் கழித்து வந்து பழையபடி ஆக்கித் தரச் சொன்னபோது என்னால் முடியவில்லை. இன்னும் அந்தச் சங்கடம் இருக்கிறது.

உங்கள் வண்டியின் சத்தம் இப்போது அடைத்த மாதிரி இருக்கிறது என்றால் காரணம் கரி. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலோடு சேர்ந்து போகிற 2டி ஆயில் எரிந்து எரிந்து தார் மாதிரிப் படிந்திருக்கும். பின்முனையில் ஒரு போல்ட்டைக் கழற்றினால் உள்குழல் வெளியே வந்துவிடும். அதை காஸ்டிக் சோடாக் கரைசலில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரில்தான் சோடாவைக் கொட்ட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, பொங்கித் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம். அலுமினியச் சாமான் எதையும் அதில் போட்டுவிடாதீர்கள், அரித்துத் தின்றுவிடும். கழுவிய குழலை மறுபடி மாட்டுங்கள். மாட்டாமல் ஓட்டி ‘சவுண்ட்’ காட்டுவதும் கிட்டத்தட்ட வெட்டிய கதைதான்.

வள்ளியூர்: 150 சிசி கார்புரேட்டர் வண்டிக்கு ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் மாட்டினேன். ஆக்சிலேட்டரை விட்டதும் பட்டாசு மாதிரி வெடிக்கிறது. நண்பர்கள் கெத்து என்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

உங்கள் பயம்தான் சரி.

ஆக்சிலேட்டரை மூடியதும் சிலிண்டருக்குள் போகிற கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை உள்ளே ஒழுங்காக எரியாமல் சூடான குழாய்க்கு வந்துவிடுகிறது. அங்கே எங்கிருந்தாவது காற்றுக் கிடைத்தால் வெடிக்கும். காற்று எங்கிருந்து வருகிறது? முக்கால்வாசி, சைலன்சரை ஹெட்டோடு (எஞ்சினின் மேல்பகுதி) சேர்க்கும் இடத்தில் உள்ள கேஸ்கட் வளையத்திலிருந்துதான். புது சைலன்சர் மாட்டும்போது பழைய நசுங்கின வளையத்தையே திரும்பப் போட்டிருப்பார்கள். அந்த இடத்தில் கருப்பாகக் கரி வழிந்திருக்கிறதா பாருங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பின்முனையை ஈரத்துணியால் ஒரு நொடி லேசாகப் பொத்தினால், ஒழுகும் இடத்தில் ‘ச்சு ச்சு’ என்று கேட்கும். சில வண்டிகளில் புகையைச் சுத்தமாக்க ஏர் ஃபில்டரிலிருந்து ஹெட்டுக்கு ஒரு சின்ன ரப்பர் குழாய் போகும். அதன் வால்வு கெட்டிருந்தாலும் இதே வெடி வரும்.

ஒழுகல் இல்லையென்றால் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பாக இருந்தால் சரி. வெள்ளையாக வெளுத்திருந்தால் கலவை மெலிவு. புகை தடையில்லாமல் வெளியேறுகிற சைலன்சருக்கு, கார்புரேட்டரில் பெட்ரோல் வருகிற துளையான ஜெட்டையும் ஒரு அளவு கூட்ட வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு கருகும். பிறகு ஹெட் வேலை.

கார்புரேட்டர் இல்லாமல், பெட்ரோலை ஊசி போலப் பீய்ச்சுகிற எஃப்.ஐ. வண்டிகளுக்கும் இதையே கேட்கிறார்கள். அதில் ஜெட் கிடையாது. குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும். ஆனால் அதற்கும் ஒரு எல்லை உண்டு. சென்சாரையே கழற்றித் தொங்கவிட்டு வருகிறார்கள் சிலர். மீட்டரில் எஞ்சின் விளக்கு எரிந்தபடி, மைலேஜ் போய், என்னிடம் வந்து நிற்கும்போது சைலன்சர் விலையைவிடச் செலவு கூடிவிடுகிறது.

பெருமாள்புரம், ஒரு தாயார்: பையன் காலேஜ் முதல் வருஷம். வெளியூரிலிருந்து சத்தம் போடுகிற சைலன்சர் வரவழைத்திருக்கிறான். போலீஸ் பிடித்தால் என்ன ஆகும்? ஃபைன் கட்டினால் விட்டுவிடுவார்களா?

ஃபைனோடு முடிந்தால் அதிர்ஷ்டம், அம்மா. மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-ஆவது பிரிவின்படி, சத்த அளவை மீறுகிற வண்டியை ஓட்டினால் முதல் தடவையே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். 3 மாதத்துக்கு லைசென்ஸும் போகும். கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றியதற்காக வண்டி உரிமையாளர் மேல் 182ஏ(4) தனியாக இருக்கிறது: ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய், 6 மாதம் வரை சிறைக்கும் இடம் உண்டு. ஆர்.சி. யார் பெயரில் என்று பாருங்கள். உங்கள் பெயரில் என்றால் வழக்கு உங்களைத் தேடித்தான் வரும். கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது.

சத்த அளவு என்ன என்று கேட்பவர்களுக்கு: 80 சிசி வரை 75 டெசிபல், 175 சிசி வரை 77, அதற்கு மேல் 80. இது கம்பெனி வண்டியை அனுமதிக்குக் கொண்டுபோகும்போது, ஓடவிட்டு அளக்கும் கணக்கு. பத்து டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகக் கேட்கும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோர்ட் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். பாளையங்கோட்டையில் இந்த மூன்றும் இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஹைகிரவுண்ட் ரோட்டில் அரசு ஆஸ்பத்திரி வாசலில் முறுக்கிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கே கை பரபரக்கிறது.

இன்னொன்று. முதல் வருஷம் என்கிறீர்கள், பையனுக்கு 18 முடிந்துவிட்டதா என்று எழுதவில்லை. முடியவில்லை என்றால் சைலன்சரை விடுங்கள், வண்டிச் சாவியையே வாங்கி வையுங்கள். பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டியோடு பிடிபட்டால் பெற்றவருக்கு 25,000 ரூபாயும் 3 வருஷம் வரை சிறையும் என்று 199ஏ சொல்கிறது.

ஊர் எழுதாத ஒருவர்: மணிமுத்தாறு வழியாக மாஞ்சோலைக்கு ரைடு போகிறோம். சத்தத்தைக் குறைக்க சைலன்சர் முனையில் செருகியிருக்கும் டிபி கில்லரை மலையில் மட்டும் கழற்றி வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பினால் நல்லது என்று நினைப்பவன் நான்.

உவரி: சைலன்சர் இரண்டு வருஷம் தாங்க மாட்டேன் என்கிறது. சத்தம் பொத்தல் வழியாக வருகிறது. உப்புக்காற்றுதான் காரணமா?

வெளியே உப்பு, உள்ளே தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்றால் நம்புவீர்களா? ஆவியாகப் போய்விடுவதால் தெரிவதில்லை. வீட்டுக்கும் கடற்கரைக்கும் ஒரு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்தினால் குழாய் சூடேறுவதற்குள் அந்த ஆவி உள்ளேயே குளிர்ந்து தங்கிவிடும். வாரம் ஒரு தடவையாவது திசையன்விளை வரைக்கும் நிற்காமல் போய் வாருங்கள். சைலன்சரின் அடியில் சின்னத் துளை இருக்கும், அதைச் சேறு அடைத்திருந்தால் கம்பியால் குத்திவிடுங்கள். பொத்தல் என்று நினைத்து அதை வெல்டிங் வைத்து அடைத்தவர்களும் இருக்கிறார்கள்! வெளிப்பக்கம் நல்ல தண்ணீரில் கழுவி, துருவைத் தேய்த்து, சூடு தாங்கும் கருப்புப் பெயிண்ட் அடியுங்கள். சாதா பெயிண்ட் ஒரே நாளில் பொரிந்துவிடும்.

நெல்லை ஜங்ஷன்: 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. எஞ்சின் வேலை பார்த்தாச்சு, நன்றாக ஓடுகிறது. ஆனால் சத்தம் மட்டும் கரகரப்பு. சைலன்சரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

அந்த வெள்ளத்துக்குப் பிறகு இந்த மாதிரி வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். எஞ்சினைப் பிரித்துச் சுத்தம் செய்தவர்கள் சைலன்சரைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்ததோடு விட்டுவிட்டார்கள். தாமிரபரணி வண்டல் நைசானது. உள்ளறைகளில் படிந்து, சூட்டில் சுட்ட செங்கல் மாதிரி ஆகியிருக்கும். கழற்றிக் குலுக்கிப் பாருங்கள். மண் சரசரத்தால் வண்டல். ரப்பர் சுத்தியலால் மெதுவாகச் சுற்றிலும் தட்டித் தட்டிக் கொட்டலாம், பொறுமை வேண்டும். தகடு ஆடுகிற மாதிரி ‘டணக் டணக்’ என்றால் உள்தடுப்பு துருப்பிடித்துக் கழன்றுவிட்டது. அதற்கு மருந்து இல்லை, கம்பெனி சைலன்சரே வாங்கிப் போடுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு தடவை கொண்டுவந்து காட்டுங்கள். காலையில் எட்டு மணிக்குள், வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டோ மெதுவாகவோ வாருங்கள். சூடான சைலன்சரில் கை வைக்கிற வயது எனக்குப் போய்விட்டது.